வெளியான வருஷத்தைப் பாருங்க

திருச்சியில வாங்கின மிக்ஸி, தென்காசியில உங்க வீட்டுக்கு வந்த மூணாம் நாளே புகைஞ்சு போச்சுன்னு வைங்க. கடைக்காரர் கையை விரிச்சுட்டார். புகார் கொடுக்கத் திருச்சிக்கேதான் போகணுமா?

இதுக்குப் பதில் தெரியணும்னா, பக்கத்து நூலகத்துக்குப் போய், புத்தகப் பட்டியல்ல தேடிப் பாருங்க. 'மிக்ஸி'ன்னு தேடினா சமையல் புத்தகம்தான் வரும்! 'நுகர்வோர் பாதுகாப்பு'ன்னு தேடுங்க. கிடைக்கிறதுல தடிமனா இருக்கறதை உடனே தூக்கிடாதீங்க. ஒவ்வொரு தலைப்போடயும் அது வெளியான வருஷம் இருக்கும். அதுதான் முக்கியம். ஏன்னா, 1986-ல வந்த பழைய நுகர்வோர் சட்டம் இப்போ இல்லை. 2019-ல இயற்றின புதுச் சட்டம்தான் நடப்புல இருக்கு. பழைய புத்தகத்தைப் படிச்சா, கடை இருக்கற பக்கம் போகணும்னுதான் தோணும். புதுச் சட்டப்படி, நீங்க குடியிருக்கற மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம். தென்காசிக்காரர் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை!

புத்தகம் எடுக்கப் போறதுக்கு முன்னாடி, அந்த மிக்ஸி பில் எங்கே இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.