ராத்திரி எங்கே தங்குவது? சைக்கிள் பயணத்துக்கு ஒரு திட்டம்



போன அரையாண்டு விடுமுறையில் எங்கள் வகுப்பில் நாலு பேர், எங்க சித்தி, தோழியின் அத்தை என்று மொத்தம் ஆறு பேர் சைக்கிளிலேயே பழனிக்குப் போய்ட்டு வந்தோம். "எப்படிடி அவ்வளவு தூரம் மிதிச்சீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். மிதித்தது அவ்வளவு கஷ்டம் இல்லை. ராத்திரி தங்க இடம் பிடித்ததுதான் கஷ்டம்! அடுத்து போகிறவர்களுக்கு உதவுமே என்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா கேட்ட கேள்வி

எங்க அண்ணனும் அவன் கூட்டாளிகளும் போன வருஷமே இப்படிப் போனார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டதும் அப்பா, "அம்மிணி, எத்தனை கிலோமீட்டர் மிதிப்பேன்னு நான் கேக்கல. பொழுது சாஞ்சா எங்க தங்குவீங்க? அதைச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்னைக்கு ராத்திரி அழுதேன். மறுநாள் எங்க அப்பாருகிட்ட போய்க் கேட்டேன்.

அப்பாரு தைப்பூசத்துக்குப் பல வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போனவர். நம்ம கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இப்படி நடந்து போகிறவர்கள் உண்டு. அவர்கள் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. இன்னைக்கு ராத்திரி இந்த மண்டபம், நாளைக்கு அந்தத் தோட்டம் என்று முன்னாலேயே முடிவு செய்துவிடுவார்கள். அப்பாருவின் கூட்டத்தில் ஒருத்தர் முதல்லயே போய், தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு வருவாராம். அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "தூரத்த வெச்சு எடம் பாக்காத சாமி. எடத்த வெச்சுத் தூரம் போடு."

இதுதான் முதல் பாடம். நாங்கள் முதலில் 'ஒரு நாளைக்கு 60 கி.மீ.' என்று கணக்குப் போட்டிருந்தோம். 60 கி.மீ. முடிகிற இடத்தில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தங்கும் இடங்களை முதலில் எழுதினோம்.

எங்கள் திட்டம்

எங்க ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி வரைக்கும் மிதித்துப் பார்த்தோம். சுமார் 20 கி.மீ.க்கு 2 மணி நேரம் ஆனது. அப்படியானால் 50 கி.மீ.க்கு 5 மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் எல்லாத்துக்கும் 3 மணி நேரம். காலை 6.30க்குக் கிளம்பினால் மதியம் 2.30க்குப் போய்ச் சேரலாம். எப்படிப் பார்த்தாலும் 4 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள்: ஊர், பொள்ளாச்சி, உடுமலை. சுமார் 50 கி.மீ. தோழியின் அம்மாயி வீட்டில் தங்கல்.
இரண்டாம் நாள்: உடுமலை, மடத்துக்குளம், பழனிக்கு முந்தின ஒரு ஊர். சுமார் 30 கி.மீ. கல்யாண மண்டபத்தில் தங்கல்.
மூன்றாம் நாள்: பழனி பார்த்துவிட்டு மறுபடி உடுமலை அம்மாயி வீடு.
நாலாம் நாள்: ஊர்.

பழனியிலேயே ஏன் தங்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையம் போன்ற விடுதிகள் இருக்கின்றன. ஆனால் மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம். கூட்ட நாளில் ரூம் கிடைப்பது சிரமம். எங்கே போவதானாலும் அந்த ஊரில் திருவிழா, முகூர்த்த நாள் இருக்கிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். கிழக்கே போகும்போது அந்தக் காற்று முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சைத் தள்ளும். அந்த மாதங்களில் போனால் திரும்பும் வழியில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கத் திட்டமிடுங்கள்.

போனில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. பாத்ரூம் உள்ளே இருக்கிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? (பெண் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் கேள்வி.)
2. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?
3. சாவி யாரிடம் இருக்கும்? அவர் இல்லாவிட்டால் யாரிடம்?
4. ராத்திரி பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருப்பார்களா?
5. சைக்கிளை உள்ளே நிறுத்தலாமா?
6. சாப்பாடு கிடைக்குமா, நாமே சமைக்கலாமா?
7. எவ்வளவு பணம்?

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட வேண்டும். எங்கப்பா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் "சரி, போய்ட்டு வாங்க" என்றார்.

மாற்று இடம்

இரண்டாம் நாள் நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது மணி மூன்றரை. பூட்டியிருந்தது! சாவி வைத்திருந்தவர் ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் பேசியதை அவர் மறந்தே போயிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா காதுக்குப் போனால் இனி எப்பவும் விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

நோட்டில் 'மாற்று இடம்' என்று ஒன்று எழுதியிருந்தோம். சித்தியோடு வேலை செய்பவரின் அண்ணன் வீடு, அங்கிருந்து 6 கி.மீ. சித்தி போன் செய்ததும், "வாங்க வாங்க, இதுக்கெல்லாம் கேக்கோணுமுங்களா?" என்றார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். ராகிக் களியும் கீரையும் போட்டார்கள். நாங்கள் ஆறு மணிக்கு வந்து நின்றிருந்தால் அந்த 6 கி.மீ.யை இருட்டில் மிதித்திருக்க வேண்டும். 4 மணிக்குள் சேர வேண்டும் என்பது இதற்காகத்தான். முந்தின நாள் மறுபடி ஒரு தடவை போன் செய்யாதது எங்கள் தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ பழனி மலைமேல் ராத்திரி யாரும் தங்க முடியாது. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடியோடு நடந்து வரும் கூட்டத்தார் மட்டும் ஒரு ராத்திரி தங்குவார்கள். அது அவர்களின் பரம்பரை உரிமை.

★ வழிப்போக்கர்கள் தங்குவதற்காக அந்தக் காலத்தில் சத்திரம் கட்டினார்கள். மதுரை ரயில் நிலையம் அருகே உள்ள மங்கம்மாள் சத்திரம் அப்படி ஒன்று.

★ 1909இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பித் தங்கினார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைப் பயணம் வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்டெனா என்ற ஊரின் கோட்டையில் இளைஞர் விடுதி தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் இளைஞர் விடுதிகள் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள்

தேர்தலுக்கு முந்தின ராத்திரி அதிகாரிகள் ஓட்டு மெஷினோடு வந்து நம் வகுப்பறையில்தானே தங்குகிறார்கள்? வெள்ளம் வந்தாலும் ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில்தானே தங்க வைக்கிறார்கள்? நம் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கேட் இருக்கிறது. மாணவிகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் மட்டும் சரி செய்ய வேண்டும். விடுமுறையில் மற்ற பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு சைக்கிளில் வந்தால் ஒரு ராத்திரி இங்கே தங்கட்டும். நாம் போனால் அவர்கள் பள்ளியில் தங்குவோம். தலைமையாசிரியர் அவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தக்காரர் வீடு எல்லா ஊரிலும் எல்லாருக்கும் இருக்காது. பள்ளிக்கூடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தங்க ஒரு இடம் இருந்தால் எந்த அப்பாவும் 'போய்ட்டு வா அம்மிணி' என்று சொல்லிவிடுவார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி