பசுவின் கருவும் முதல் மூன்று நாட்களும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் கறவைப் பசு வைத்திருப்போர் நன்கறிந்த நஷ்டம் ஒன்றுண்டு. கோடையில் சினை ஊசி போட்டும் பசு சினை நிற்பதில்லை. 21 நாட்களில் மீண்டும் பருவத்திற்கு வருகிறது. தவறிய ஒவ்வொரு பருவமும் அடுத்த ஈற்றை மூன்று வாரம் தள்ளிவிடுகிறது. தீனிச் செலவோ குறைவதில்லை. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்திற்கு இஃது அற்பமான விஷயமன்று. இதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஆராய்ச்சிச்சாலையிற் காணலாம்.

பசுவின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கேயாகும். அதனைக் கண்ணாடித் தட்டில் முதிரச் செய்து, விந்துடன் சேர்த்து, பசுவின் உடற்சூடாகிய 38.5 டிகிரி செல்சியசில் வளர்க்கின்றனர். இம்முறையில் முதற் கன்று 1981-ல் அமெரிக்காவில் பிறந்தது. நமது நாட்டில் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ல் எருமைக்கன்று ஒன்று பிறந்தது.

பூதக்கண்ணாடியின் கீழ் நோக்கின், ஒரே உயிரணுவாயிருந்த கரு ஒன்றரை நாளுக்குள் இரண்டாகவும், பின் நான்காகவும், மூன்றாம் நாளில் எட்டாகவும் பிரிவது தெரியும். ஆறாம் நாளளவில் முசுக்கட்டைப் பழம்போல் திரண்டு, ஏழாம் நாளில் உள்ளே நீர் கோத்துக் குமிழாகும். உட்புறத் திரள் கன்றாகவும், வெளிப்புறம் நஞ்சுக்கொடியாகவும் வளரும். தட்டிலிட்ட கருக்களுள் நூற்றுக்கு 30 முதல் 40 வரையே பெரும்பாலும் இந்நிலையை எட்டும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் கரு, முட்டையில் தாய் சேமித்து வைத்ததைக் கொண்டே ஜீவிக்கிறது. ஆகையால் அப்போது மிகுந்த உஷ்ணத்தைத் தாங்காது. 1993-ல் வெளியான புளோரிடா ஆராய்ச்சியில், முதல் நாளில் வெப்பத்திற்குட்பட்ட பசுக்களின் கருக்கள் கெட்டன. 3, 5, 7-ஆம் நாட்களில் உட்பட்டவற்றில் அக்கெடுதி காணப்படவில்லை.

ஆதலின் விவசாயிகள் செய்யத்தக்கவை:

1. காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் ஊசி போடுவித்தல்.

2. ஊசி போட்ட பசுவை உச்சி வெயிலில் நடத்தி வாராமை.

3. மூன்று நாட்களேனும் மேய்ச்சலுக்கு விடாமல், மரநிழலிலோ கீற்றுக் கொட்டகையிலோ கட்டி, எந்நேரமும் குளிர்ந்த நீர் வைத்து, நண்பகலில் உடலை நனைத்தல்.

4. 18-ஆம் நாள் முதல் பருவக்குறியைக் கவனித்தல்.

கால்நடை மருந்தகங்களின் வாயிலில் நிழற்பந்தலும் தண்ணீர்த் தொட்டியும் அமையுமாறு கிராம அதிகாரிகள் முயல்வார்களாயின், அச்சிறு செலவு பல ஈற்றுகளைக் காக்கும்.