புறச்சமயத்திலிருந்து வந்த தொடக்கக் கால மறைசாட்சிகளும் மறுதலிப்பு என்னும் வாய்ப்பும்

முன்னுரை

மறைசாட்சி என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் முதலில் வழக்கில் சான்று கூறுபவரையே குறித்தது. நம்பிக்கைக்காக உயிர் நீத்தவரைச் சுட்டும் பொருளைப் பின்னரே பெற்றது. கிறித்தவத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் அவ்வாறு இறந்தோருள் பலர் உரோமைப் பேரரசின் பல்தெய்வ வழிபாட்டில் வளர்ந்து, பின்னர் மனம் மாறியவர்கள். விட்டு வந்த வழிபாட்டிற்குத் திரும்பினால் உயிர் பிழைக்கலாம் என்னும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. அவ்வாய்ப்பை அவர்கள் எதிர்கொண்ட முறையை யுஸ்தின், பெர்பெத்துவா, சிப்ரியான் ஆகிய மூவரின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

சட்ட நிலை

கி.பி. 112 அளவில் பித்தினியா – போந்து மாநில ஆளுநர் பிளினி, கிறித்தவர்களை விசாரிக்கும் முறை குறித்துப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். கிறித்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டா. குற்றம் சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கலாம். ஆனால் தாம் கிறித்தவர் அல்லர் என மறுத்து, உரோமைத் தெய்வங்களை வணங்குவோருக்கு மன்னிப்பு உண்டு என்பது பேரரசரின் மறுமொழி. இதன் முரணைக் கார்த்தேஜ் நகரத்து எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னர்ச் சுட்டிக்காட்டினார். பிற குற்றவாளிகளை உண்மையை ஒப்புக்கொள்ளுமாறு வதைத்த நீதிமன்றம், கிறித்தவர்களை மட்டும் மறுக்குமாறு வதைத்தது என்பது அவரது வாதம்.

யுஸ்தின்: மெய்யியல் வழி மாற்றம்

சமாரியாவின் பிளாவியா நெயாப்பொலிஸ் நகரில் பல்தெய்வ வழிபாட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் யுஸ்தின். ஸ்தோயிக்கர், அரிஸ்டாட்டில் வழியினர், பித்தகோரியர், பிளேட்டோ வழியினர் என ஆசிரியர் பலரை நாடிய பின்னரே கிறித்தவத்தை வந்தடைந்ததாக அவர் எழுதியுள்ளார். மாறிய பின்னும் மெய்யியலாளருக்குரிய மேலாடையை அவர் களையவில்லை. கி.பி. 165 அளவில் உரோமை நகரில் அவரை விசாரித்த ஜூனியஸ் ருஸ்டிகஸ், பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு ஸ்தோயிக்க மெய்யியலைப் பயிற்றுவித்தவர். இருவருமே மெய்யியல் கற்றவர்களாயினும், வழக்கு முடிவில் ஒரே கட்டளையில் வந்து நின்றது: தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். யுஸ்தினும் அவருடன் நின்றோரும் மறுத்தனர், தலை வெட்டப்பட்டனர்.

பெர்பெத்துவா: குடும்பத்தின் வேண்டுகோள்

கி.பி. 203 மார்ச் 7 அன்று கார்த்தேஜில் கொல்லப்பட்ட விபியா பெர்பெத்துவாவுக்கு வயது ஏறத்தாழ 22. உயர்குடியில் பிறந்த அவர், பாலுண்ணும் மகனைக் கையில் வைத்திருந்த தாய். கைதானபோது அவர் திருமுழுக்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவரே. காவலில் இருந்தபோதுதான் அதனைப் பெற்றார். அவரது சிறைக் குறிப்புகள் இலத்தீன் மொழியில் கிடைத்துள்ளன. கிறித்தவரல்லாத அவருடைய தந்தை, மனம் மாற வேண்டி மீண்டும் மீண்டும் வந்து மன்றாடியதை அவை பதிவு செய்கின்றன. விசாரணை நாளில் தந்தை குழந்தையுடன் வந்து நின்றார். தந்தையின் நரைமுடிக்கும் மகனின் இளமைக்கும் இரங்கிப் பலியிடுமாறு ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸும் வற்புறுத்தினார். அவர் மறுத்தார். மகளை மாற்ற முயன்றுகொண்டே இருந்த தந்தை பிரம்பால் அடிக்கப்பட்டார். அவ்வடி தம்மேல் விழுந்தது போல வருந்தியதாகப் பெர்பெத்துவா எழுதியுள்ளார். அவருடன் இறந்த பெலிசித்தா என்னும் அடிமைப்பெண், சிறையிலேயே பெண் குழந்தையை ஈன்றார். அதனைக் கிறித்தவப் பெண் ஒருவர் தம் மகளாக வளர்த்தார். ஆகவே மறுதலிப்பு என்னும் வாய்ப்பு, சட்டத்தின் குரலாக மட்டுமன்றி உறவின் குரலாகவும் அழைத்தது.

சிப்ரியான்: திரும்பியவர்களும் திரும்பாதவர்களும்

கார்த்தேஜில் சொற்கலை ஆசிரியராகப் புகழ்பெற்ற சிப்ரியான், கி.பி. 246 அளவில் கிறித்தவரானார். சில ஆண்டுகளிலேயே அந்நகரின் ஆயரானார். கி.பி. 250இல் டெசியஸ் பேரரசரின் ஆணைப்படி மக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில் அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் உள்ளன. கிறித்தவர் பலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். சிப்ரியான் மறைவிடம் சென்று கடிதங்கள் வழித் திருச்சபையை நடத்தினார். அதற்காகக் குறையும் கூறப்பட்டார். திரும்பி வந்தபின், மறுதலித்தோரை மீண்டும் ஏற்பது குறித்துக் கி.பி. 251இல் ஆயர் மன்றம் கூடியது. சான்றிதழ் மட்டும் பெற்றோரும் உண்மையில் பலியிட்டோரும் வேறுபடுத்தப்பட்டு, தவ முயற்சிக்குப் பின் ஏற்கும் வழி வகுக்கப்பட்டது. வலேரியன் காலத்தில், கி.பி. 258 செப்டம்பர் 14 அன்று, சிப்ரியான் பலியிட மறுத்துத் தலை வெட்டுண்டு இறந்தார்.

முடிவுரை

யுஸ்தினைக் கல்வியும், பெர்பெத்துவாவைக் குடும்பமும், சிப்ரியானைப் பொதுவாழ்வின் மதிப்பும் பழைய உலகோடு பிணைத்திருந்தன. மூவரிடமும் அரசு கேட்டது, முன்பு அவர்கள் வாழ்ந்த சூழலில் இயல்பாயிருந்த ஒரு சடங்கையே. அச்சடங்கைச் செய்து உயிர் பிழைத்தோர் பலர் என்பதைச் சிப்ரியானின் காலம் காட்டுகிறது. அவர்களையும் சேர்த்து நோக்கும்போதுதான் மறைசாட்சியரின் மறுப்பு எத்துணைக் கடினமானது என்பது புலப்படும். தொடக்கக் காலக் கிறித்தவ வரலாற்றில் மறைசாட்சியரும் மறுதலித்தோரும் ஒருங்கே ஆராயப்பட வேண்டியவர்கள்.