மனம், மொழி, மெய் இணையும் வழிபாடு

ஞாயிறு காலை தேவாலயம் நிறைந்திருக்கிறது. பாடகர் குழு பாடுகிறது, அருள்பணியாளர் மறையுரை ஆற்றுகிறார், ஒலிபெருக்கி முழங்குகிறது. மக்கள் அமர்ந்து கேட்கிறார்கள். முடிந்ததும் கலைந்து செல்கிறார்கள். கரோனா பொதுமுடக்கக் காலத்தில் வீட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்த ஆராதனை, பலருக்கு இன்றும் கைப்பேசித் திரையிலேயே தொடர்கிறது. இத்தகைய சூழலில் ஒரு கேள்வி எழுகிறது: வழிபாடு என்பது காணும் நிகழ்ச்சியா, செய்யும் செயலா?

கிறிஸ்தவ மறைநூலின் விடையில் ஐயத்துக்கு இடமில்லை. கடவுளை முழு இதயத்தோடும் முழு உயிரோடும் முழு ஆற்றலோடும் நேசிக்க வேண்டும் என்பது உபாகமம் தரும் கட்டளை. கட்டளைகளுள் தலையாயது எது என்று மறைநூல் அறிஞர் ஒருவர் கேட்டபோது, இயேசு இதையே எடுத்துரைத்தார். அவ்விடையைப் பதிவு செய்யும் மாற்கு நற்செய்தி, 'மனம்' என்பதையும் அவற்றோடு சேர்க்கிறது. இப்பட்டியலில் எதுவும் விடுபடவில்லை. அறிவு, உணர்வு, உடல்வலிமை அனைத்தும் ஒரே அன்புக்குள் அழைக்கப்படுகின்றன.

'உயிர்' என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல் 'நெஃபெஷ்'. உடலிலிருந்து பிரிந்து நிற்கும் ஆவியை மட்டும் அது சுட்டுவதில்லை. தொண்டை, மூச்சு, உயிருள்ள முழு ஆள் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், உடல்களை உயிருள்ள பலியாகப் படைக்கச் சொல்லி, அதையே அறிவுக்கு உகந்த வழிபாடு என்கிறார். அவர் பார்வையில் உடலும் அறிவும் எதிரெதிர்த் துருவங்களில் நிற்கவில்லை.

திருச்சபையின் பழைய சடங்குகள் இதை அறிந்தே அமைந்தவை. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்செய்தி வாசிக்கப்படும்போது மக்கள் எழுந்து நிற்கிறார்கள். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை வரைந்துகொள்கிறார்கள். கேட்கும் சொல் சிந்தையில் நிலைத்து, வாயில் வெளிப்பட்டு, நெஞ்சில் தங்க வேண்டும் என்பதே அதன் பொருள். தூபம் மூக்கை எட்டுகிறது. அப்பம் நாவைத் தொடுகிறது. நீரும் எண்ணெயும் தோலில் படுகின்றன. மனம், மொழி, மெய் என்று தமிழ் மரபு வகுத்த மூன்றும் அங்கே ஒருங்கே வேலை செய்கின்றன.

ஆனால், நெடுங்காலம் திருப்பலியின் மொழி இலத்தீனாக இருந்தது. பொருள் விளங்காத பெரும்பாலான மக்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர். இந்நிலையை மாற்ற வழிவகுத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4-இல் அது வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் முழுமையாகவும் பொருளுணர்ந்தும் செயல்முனைப்போடும் பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பதிலுரையும் பாடலும் மட்டுமன்றி, உடலசைவும் நிற்கும் முறையும் மௌனமும்கூடப் பங்கேற்பே என்பதை அது ஏற்றுக்கொண்டது.

அதன் தொடர்ச்சியாக 1969-இல், இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, வழிபாட்டில் 12 மாற்றங்களுக்கு உரோமை ஒப்புதல் அளித்தது. காலணிகளைக் களைதல், தரையில் அமர்தல், கைகூப்பி ஆழ்ந்து வணங்குதல், நெற்றி நிலம்படப் பணிதல், எண்ணெய் விளக்கேற்றுதல், ஆரத்தி எடுத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்நாட்டு மனிதர் பணிவையும் மதிப்பையும் எந்த உடல்மொழியில் காட்டுகிறாரோ, அந்த உடல்மொழியிலேயே கடவுள் முன்னும் நிற்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

சீர்திருத்தத் திருச்சபைகள் இதே தேடலைப் பாட்டின் வழியே மேற்கொண்டன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கருநாடக இசை மரபில் இயற்றிய கீர்த்தனைகள், நாவுக்கும் செவிக்கும் பழகிய இசையில் தமிழரைப் பாட வைத்தன. பெந்தெகொஸ்தே சபைகளில் கைதட்டலும் கை உயர்த்துதலும் கண்ணீரும் வழிபாட்டின் இயல்பான பகுதிகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உரத்த ஓசை முழுமைக்குச் சான்றாகாது. உணர்ச்சி பொங்கினாலும் சிந்தனை உறங்கினால், மனம் வெளியே நிற்கிறது. மகிழ்ச்சியை மட்டுமே அனுமதிக்கும் வழிபாடும் குறைபாடு உடையதே. 150 திருப்பாடல்களில் புலம்பல்களுக்குப் பெரும் பங்குண்டு. கடவுளிடம் முறையிடுவதும், ஏன் கைவிட்டீர் என்று கேட்பதும் அங்கே வழிபாடாகவே ஏற்கப்படுகின்றன. பிள்ளையை இழந்த தாயும், வேலை இழந்த தந்தையும் தம் துயரை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றால், அங்கே முழு மனிதருக்கு இடமில்லை என்றே பொருள்.

அதுபோலவே, எல்லா உடலும் ஒன்றுபோல் இயங்க வேண்டியதில்லை. முழந்தாளிட முடியாத முதியவரின் தலைவணக்கமும், செவித்திறன் அற்றவரின் சைகைப் பாடலும் குறைந்த வழிபாடு ஆகா.

இவை அனைத்தையும்விடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. உடலோடு வழிபட வருபவர், வேறொருவரின் உடலுக்கு அருகில் அமர்ந்தாக வேண்டும். கொரிந்து நகரச் சபையில் வசதி படைத்தோர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். தமிழகத்திலும் இச்சோதனை நிகழ்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்த தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்தோரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் பிரிவினைக்கு அங்கே ஆதரவு கிட்டவில்லை. ஆயினும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதியால் பிரிந்தே கிடக்கின்றன. ஒரே அப்பத்தை உண்ட உடல்கள் ஒரே மண்ணில் உறங்க முடியவில்லை என்றால், அந்த அப்பம் எங்கே போய்ச் சேர்ந்தது?

திரைவழி ஆராதனை நோயாளிக்கும் தொலைவில் இருப்பவருக்கும் பெரும் ஆறுதல்; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அருகில் அமர்ந்திருப்பவர் யார் என்ற கேள்வியைத் திரை நம்மிடம் கேட்பதில்லை. இயன்றவர்கள் ஒரே இடத்தில் கூடுவதன் இன்றியமையாமை அங்கேதான் இருக்கிறது.

மெய் என்னும் தமிழ்ச்சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். கூப்பிய கை, வெளியே வந்ததும் அடுத்தவரை ஒதுக்கித் தள்ளாதிருக்கும்போதுதான் வழிபாடு மெய்யாகிறது.