எழுத்துருவுக்குள் ஓட்டை: உங்கள் போனுக்கு அடைப்பு வந்துவிட்டதா?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் இப்போது காகிதத்தில் வருவது குறைவு. பர்ச்சேஸ் ஆர்டர் பி.டி.எஃப். கோப்பாக மெயிலில் வருகிறது. டிராயிங் இன்னொரு பி.டி.எஃப். கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குச் சம்பளச் சீட்டும் ஷிப்ட் பட்டியலும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. "லிங்க் எதையும் அமுக்கவில்லை, ஓ.டி.பி. யாருக்கும் சொல்லவில்லை, கோப்பைத் திறந்து பார்த்ததோடு சரி" என்றால் பயமில்லை என்பதுதான் பொதுவான எண்ணம். திறந்து பார்ப்பதே போதும் என்று 2025-இல் வெளியான ஓர் ஓட்டை காட்டியது. அது இருந்தது எழுத்துருவைப் படித்துக் காட்டும் மென்பொருளில்.

எழுத்தை வரைந்து தருவது யார்?

ஃபான்ட் எனப்படும் எழுத்துருக் கோப்புக்குள் பெரும்பாலும் படங்கள் இருப்பதில்லை. வளைவுகளின் கணக்கும், எந்த அளவில் எப்படி வரைய வேண்டும் என்ற கட்டளைகளும்தான் இருக்கின்றன. அவற்றைப் படித்துத் திரையில் புள்ளிகளாக மாற்றித் தரும் வேலையைப் பல கருவிகளில் செய்வது ஃப்ரீடைப் என்ற திறமூல மென்பொருள் நூலகம். 1996-இல் டேவிட் டர்னர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துத் தங்கள் பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் ஆண்ட்ராய்டு போன், லினக்ஸ் கணினி, லினக்ஸில் ஓடும் திரைக் கருவிகள் என்று அது போய்ச் சேராத இடம் குறைவு. நூறு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் இருப்பதாக அதை உருவாக்குவோரே சொல்கிறார்கள்.

பி.டி.எஃப்., வேர்ட் கோப்பு, இணையப் பக்கம் மூன்றும் தமக்கு வேண்டிய எழுத்துருவைத் தம்மோடு சுமந்து வரக்கூடியவை. ஆகவே, யாரோ அனுப்பிய கோப்பை நீங்கள் திறக்கும்போது அவர் அனுப்பிய எழுத்துருவையும் உங்கள் போன் திறக்கிறது. அதற்கு உங்களிடம் தனியாக அனுமதி கேட்பதில்லை.

என்ன நடந்தது?

2025 மார்ச்சில் மெட்டா நிறுவனம் இந்த ஓட்டையை அறிவித்தது. அதன் அடையாள எண் சி.வி.இ.-2025-27363. ஃப்ரீடைப் 2.13.0 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. பல பாகங்களைச் சேர்த்து ஓர் எழுத்தை வரையும்போது, எத்தனை பாகம் என்று எழுத்துருக் கோப்பு ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை விஷமமாக மாற்றி வைத்தால் கணக்கு புரண்டு, தேவையைவிடச் சிறிய நினைவிடம் ஒதுக்கப்படும். பத்து போல்ட் கொள்ளும் டப்பாவில் பதினாறு போல்ட்டைக் கொட்டினால் மிச்சம் பக்கத்து டப்பாவில் விழும் அல்லவா, அதுபோலக் கூடுதல் தரவு பக்கத்து நினைவிடத்தில் போய் விழுகிறது. அங்கே என்ன விழ வேண்டும் என்பதைத் தாக்குபவனால் முடிவு செய்ய முடிந்தால், கருவி அவன் சொன்னபடி ஆடும். அபாய அளவு பத்துக்கு 8.1 என்று மதிப்பிடப்பட்டது.

ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டிருக்கலாம் என்றும் மெட்டா சொன்னது. பாராகான் என்ற உளவு மென்பொருள் நிறுவனத்தின் தாக்குதலோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று வாட்ஸ்அப் பின்னர் தெரிவித்தது. மே மாத ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிவிப்பில் கூகுள் இதற்கு அடைப்பு தந்தது. அதே வாரத்தில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமை இதைத் தன் அபாயப் பட்டியலில் சேர்த்து, மே 27-க்குள் சரிசெய்யுமாறு அரசு அலுவலகங்களுக்குக் கெடு வைத்தது.

இந்த ஓட்டை இல்லாத ஃப்ரீடைப் 2.13.1 பதிப்பு 2023 ஜூனிலேயே வெளிவந்துவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. மூலத்தில் அடைபட்ட ஓட்டை, பழைய பதிப்பை எடுத்துக் கட்டிய போன்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தது. மென்பொருளில் பிழை இருப்பது சகஜம். நமக்கு நஷ்டம் வருவது, அடைப்பு உருவான நாளுக்கும் அது நம் கைக்கு வந்த நாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்.

இது முதல் முறையும் இல்லை. 2010-இல் ஃப்ரீடைப்பின் வேறோர் ஓட்டை வழியாக, இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே ஐபோனுக்கு ஆப்பிள் போட்ட பூட்டு உடையும் என்று ஒருவர் செய்து காட்டினார். 2020 அக்டோபரில் தாக்குதல்காரர்கள் பயன்படுத்திவந்த இன்னோர் ஓட்டைக்காக குரோம் உலாவி அவசரமாகத் திருத்தப்பட்டது.

தொழிற்சாலைகளுக்கு நெருக்கமான உதாரணம் 2011-இல் பிடிபட்ட 'டுக்கு' என்ற உளவு நிரல். அது புகுந்தது விண்டோஸின் சொந்த எழுத்துரு நிரலில் இருந்த ஓட்டை வழியே. வந்தது ஒரு வேர்ட் கோப்புக்குள் வைத்த ஃபான்ட்டாக. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய தகவலைத் திரட்டுவதே அதன் நோக்கம் என்று சைமன்டெக் நிறுவனம் கணித்தது. அந்த நிரல் தொடர்புகொண்ட கணினி ஒன்று மும்பை டேட்டா சென்டரில் இருப்பதாகத் தெரியவந்து, இந்திய அதிகாரிகள் அதன் பாகங்களைக் கைப்பற்றினார்கள்.

நமக்கு எவ்வளவு ஆபத்து?

2025 தாக்குதல் குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்த, வரம்புக்குட்பட்ட ஒன்று என்றுதான் கூகுளும் சொன்னது. ஒரகடத்தில் லைனில் நிற்கும் டிரெய்னியின் போனுக்கு விலையுயர்ந்த உளவு நிரலை யாரும் செலவழிக்க மாட்டார்கள். சாதாரண மக்களின் பணம் இன்றும் போலி செயலி, போலி வங்கி அழைப்பு வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிவிட்டால் எந்த அப்டேட்டும் காப்பாற்றாது.

ஆனாலும், ஓட்டையின் விவரம் பகிரங்கமான பிறகு அது பெரிய உளவு நிறுவனத்தின் தனிச்சொத்தாக இருப்பதில்லை. சில்லறைத் திருடர்களும் படித்துத் தெரிந்துகொள்வார்கள். அப்டேட் நின்றுபோன பழைய போன், செகண்ட்ஹேண்டில் வாங்கிய போன், பட்டறையின் மூலையில் கிடக்கும் பழைய கணினி மூன்றும்தான் அவர்களுக்கு வசதி.

போனில் செய்ய வேண்டியவை

• செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதியில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது 2025 மே 1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் இந்த ஓட்டைக்கு அடைப்பு வந்துவிட்டது. பல மாதங்களாக அந்தத் தேதி நகரவில்லையென்றால், இதற்குப் பிறகு வந்த அடைப்புகள் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

• குரோம், வெப்வியூ, வாட்ஸ்அப், பி.டி.எஃப். செயலிகளைப் பிளே ஸ்டோரில் தனியாகப் புதுப்பியுங்கள். சில செயலிகள் இத்தகைய நூலகங்களின் சொந்தப் பிரதியை வைத்திருக்கும். போன் அப்டேட் ஆனாலும் அது மாறாது. குரோம் தன் 133-ஆம் பதிப்பிலிருந்து இணைய எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப்பை விட்டு, நினைவிடப் பிழைகளுக்கு இடம்கொடாத ரஸ்ட் மொழியில் எழுதிய நூலகத்துக்கு மாறிவிட்டது.

• வாட்ஸ்அப்பில் ஆவணங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். தெரியாதவர் சேர்த்த குழுவில் வந்த பி.டி.எஃப்.ஐத் திறக்காதீர்கள்.

• டி.டி.பி. கடைக்காரர்கள் பாமினி, வானவில் எழுத்துருக்களை யார் யாரிடமிருந்தோ ஜிப் கோப்பாக வாங்குவதை விடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

• போனுக்கு அப்டேட் அடியோடு நின்றுவிட்டால், வங்கி, யு.பி.ஐ. செயலிகளை அதில் வைக்காதீர்கள்.

பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும்

இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஒரு போல்ட் உடைந்தால் எந்த லாட், எந்த சப்ளையர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பி.ஓ.எம். எனப்படும் பாகங்களின் பட்டியல் இல்லாமல் எந்த அசெம்பிளியும் வெளியே போகாது. ஆனால் பட்டறை மெஷினின் ஹெச்.எம்.ஐ. எனப்படும் கட்டுப்பாட்டுத் திரைப் பேனலுக்குள் எந்த மென்பொருள் நூலகத்தின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் பதில் இருக்காது. அதற்கும் ஒரு பட்டியல் உண்டு, எஸ்.பி.ஓ.எம். என்று பெயர். இதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. புது மெஷினோ பேனலோ கைஸ்கேனரோ வாங்கும் ஆர்டரில் இரண்டு நிபந்தனை சேருங்கள்: எஸ்.பி.ஓ.எம். தர வேண்டும், எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று எழுதித் தர வேண்டும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வோருக்கு இத்தகைய கடமைகள் கட்டாயமாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சைபர் சட்டத்தின்படி, டிஜிட்டல் பாகமுள்ள பொருள்களில் தாக்குதலுக்குள்ளாகும் ஓட்டையை 24 மணி நேரத்தில் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11-இல் தொடங்குகிறது. கார்களுக்கு ஐ.நா.வின் ஆர்155 என்ற தனி விதி உண்டு.

மெயிலும் பி.டி.எஃப்.பும் திறக்கும் கணினியில் மெஷினை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவிக்கான புரோகிராமிங்கைச் செய்யாதீர்கள். இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருப்பது நல்லது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. கட்டணமில்லா எண் 1800-11-4949. "ஒரே நாளில் சரிசெய்துவிட்டோம்" என்று மூடிமறைப்பது சட்ட மீறல்.

பணமோ தகவலோ போனால்

பணம் போனது தெரிந்தவுடன் 1930-ஐ அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கத்தான் இந்த ஏற்பாடு. ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, தவறு உங்கள் பக்கமும் இல்லாமல் வங்கிப் பக்கமும் இல்லாமல் அமைப்பில் வேறெங்கோ இருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சப் பொறுப்பு 10,000 ரூபாய். நீங்கள் புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி தற்காலிகமாகவாவது பணத்தை வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பே. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

உங்கள் ஆதார், வங்கிக் கணக்கு, வருகைப் பதிவுக்கு எடுத்த கைரேகை எல்லாம் கம்பெனியிடமோ கான்ட்ராக்டரிடமோ இருக்கின்றன. அவர்களுடைய அலட்சியத்தால் அவை கசிந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம், கசிவைப் பாதிக்கப்பட்டவருக்கே சொல்லும் கட்டாயம் இரண்டும் அதில் உண்டு. ஆனால் அபராதம் அரசின் நிதிக்குப் போகிறது. அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும் நாளில் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. பாதிக்கப்பட்ட தொழிலாளி இழப்பீடு கேட்க இருந்த நேரடி வழி அன்றோடு அடைபடும். தொழிற்சங்கங்கள் இப்போதே எழுப்ப வேண்டிய கேள்வி இது.

ஃப்ரீடைப்பை எழுதியவர்கள் மீது வழக்குப் போட முடியாது. உள்ளது உள்ளபடி, உத்தரவாதமின்றித் தருகிறோம் என்று அவர்களுடைய உரிமமே சொல்கிறது. காசு வாங்கிப் பொருளை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். வாக்களித்த அப்டேட்டைத் தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அங்கே மனுக் கட்டணம் இல்லை. பெட்டியும் பில்லும் விளம்பரமும்தான் சாட்சி, பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு கட்டாயம் வரும்வரை, கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும்போதே பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் தவணையில் போன் எடுத்தால், தவணை முடிவதற்குள் அப்டேட் முடிந்துவிடக்கூடும்.