தாய்மார்களும் தைராய்டு நோயும்

"பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, களைப்பு இருக்கத்தான் செய்யும்." பிரசவமான வீட்டில் பெரியவர்கள் இப்படி ஆறுதல் கூறுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் சில தாய்மார்களுக்கு அக்களைப்பின் பின்னால் ஒரு நோய் மறைந்திருக்கக்கூடும்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் உள்ளது தைராய்டு சுரப்பி. உடற்சூடு, இதயத் துடிப்பு, உடல் எடை ஆகியவற்றைச் சீராக வைப்பது அதன் பணி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை இச்சுரப்பியையே பகையாகக் கருதித் தாக்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இதில் இரு வகை உண்டு. சுரப்பி நலிந்து சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல், குளிர் தாங்காமை ஆகியவை ஏற்படுவது ஹாஷிமோட்டோ நோய். சுரப்பி மிகையாக இயங்கிப் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல் ஆகியவை ஏற்படுவது கிரேவ்ஸ் நோய். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ முதன்முதலில் விவரித்த நோயாளிகள் நால்வருமே பெண்கள். சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருப்பதை 1956-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

யாருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்?

முதலாவது, பெண்கள். ஆண்களைவிடப் பன்மடங்கு பெண்களையே இது தாக்குகிறது.

இரண்டாவது, குடும்ப வழி. தாய்க்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் கவனம் தேவை. ஆனால் பரம்பரை மட்டுமே காரணமன்று. டென்மார்க்கில் ஒரே உருவ இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒருவருக்குக் கிரேவ்ஸ் நோய் இருந்தும் மற்றவருக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடமே காணப்பட்டது.

மூன்றாவது, மகப்பேறு. பிரசவத்திற்குப் பின் ஓராண்டுக்குள் 100 தாய்மார்களில் ஏறத்தாழ 5 பேருக்குத் தைராய்டு அழற்சி ஏற்படுகிறது. பலருக்குத் தானே குணமாகும், சிலருக்கு நிலைத்துவிடும்.

நான்காவது, புகைத்தல். இது கிரேவ்ஸ் நோய்க்கு வழிகோலுவதோடு, அந்நோயால் கண்கள் பிதுங்கும் கோளாறையும் கடுமையாக்குகிறது. நம் கையில் உள்ள காரணம் இதுவே.

ஐந்தாவது, சிறு வயதில் தோன்றும் முதல் வகை நீரிழிவு, வெண்புள்ளி போன்ற பிற தன்னெதிர்ப்பு நோய்கள்.

அயோடின் பற்றியும் ஒரு சொல். அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும்; கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். அளவு மீறினாலோ தன்னெதிர்ப்பு தூண்டப்படலாம். இலங்கையில் அயோடின் உப்பு பரவலான பின், 11 முதல் 16 வயது மாணவியரிடம் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்ததை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும் சுரப்பியின் வேலை கெட்டிருந்தவர்கள் சிலரே. ஆகவே அயோடின் உப்பை ஒதுக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லாமல் அயோடின் மாத்திரைகளையும் கடற்பாசி மாத்திரைகளையும் விழுங்காதிருந்தால் போதும்.

இந்நோயைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை ஒன்றே பெரிதும் போதும். கமுண்டிங், செலாமா, தைப்பிங் வட்டாரத் தாய்மார்கள் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிலேயே தங்கள் குறைகளைச் சொல்லலாம். "என் அம்மாவுக்குத் தைராய்டு இருந்தது" என்ற ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

முக்கியமாக ஒன்று. தைராக்ஸின் மாத்திரை உட்கொள்ளும் பெண், கருவுற்றதும் "பிள்ளைக்கு ஆகாது" என்று அஞ்சி அதை நிறுத்திவிடக் கூடாது. அக்காலத்தில் அம்மருந்து முன்னைவிடக் கூடுதலாகவே தேவைப்படலாம். தொடக்க மாதங்களில் சிசு தாயின் சுரப்பியையே நம்பியிருக்கிறது.

பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியமும் காயமருந்தும் கொடுத்துப் பேணுவது நம் மரபு. வாரங்கள் பல கடந்தும் களைப்பு நீங்கவில்லையெனில், அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அந்தப் பேணுதலில் சேர்ந்ததே.