கேள்வி கேட்குறவர்தான் கில்லாடி!

பழைய லேண்ட்ரோவர்னு சொன்னாலே சில பேர் கண்ணுல பல்பு எரியும். சதுர மூஞ்சி, தகர டப்பா மாதிரி பாடி, எந்த மேட்டுலயும் ஏறிடுற முரட்டுத்தனம்! 1948-ல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் ஷோவில் முதன்முதலா தலைகாட்டிய வண்டி. 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் ஃபேக்டரியில் கடைசி பழைய டிஃபெண்டர் வெளியே வந்தப்போ, கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. நம்ம டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ மலைக்கு டூரிஸ்ட்டுகளைத் தலைமுறை தலைமுறையா ஏற்றிப்போனதும் இந்த வம்சம்தான்.

இப்படிப்பட்ட பயில்வானுக்கு ஒரே ஒரு வியாதி உண்டு. எலும்புருக்கி!

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம், பிரிட்டனில் ஸ்டீலுக்கு ரேஷன். அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தாங்க. ஆனா, வண்டியையே தாங்குற சேஸிஸ் மட்டும் ஸ்டீல். தகடுகளை வெல்டிங் வெச்சு உள்ளே வெற்றிடமா இருக்கிற பெட்டி மாதிரி செய்ததுதான் அந்த சேஸிஸ். சேறும் தண்ணியும் உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே வர மனசே வராது. போதாக்குறைக்கு, பிரிட்டனில் குளிர்காலம் வந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவாங்க, பனி உறையாமல் இருக்க. தண்ணி ப்ளஸ் உப்பு ப்ளஸ் ஸ்டீல்... ரிசல்ட் என்னன்னு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியே சொல்லும். வெளியில் பெயின்ட் பளபளன்னு இருக்கும். உள்ளே சேஸிஸ் அப்பளமா ஆகியிருக்கும்.

அங்கே பெரும்பாலான வண்டிகளுக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. டெஸ்ட் உண்டு. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மாட்டுற இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள் சேஸிஸ் துருப்பிடித்து பலம் இழந்திருந்தால், ஸாரி பாஸ், ஃபெயில்! ஒட்டுப்போட்டு ரெண்டு வருஷம் ஓட்டலாம். ஒருநாள், ஒட்டுப்போடக்கூட நல்ல ஸ்டீல் மிச்சம் இருக்காது. அப்போதான் முழு சேஸிஸையும் மாத்துற மெகா ஆபரேஷன். பாடி, இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டினவை. அதனால கழட்டலாம், மாட்டலாம். புது சேஸிஸ் செய்து விற்க அங்கே தனி கம்பெனிகளே இருக்கு.

'நமக்கெதுக்கு இந்தக் கதை?'ன்னு கேட்கிறீங்களா? ஆட்டோமொபைல் படிக்க கவென்ட்ரி, வார்விக், பர்மிங்ஹாம்னு கிளம்புற நம்ம பசங்க எத்தனை பேர்! சோலிஹல் அவங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே போய் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய வண்டியைத் தூக்கி நிறுத்தணும்னு ஆசை வரத்தான் செய்யும். துத்தநாகம் பூசின ஒரு நல்ல சேஸிஸ் ரெண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கும் மேலே! ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுற காசு. தப்பான கடையில் கொடுத்தால், வண்டியும் இல்லை, காசும் இல்லை.

ஸோ, யார்கிட்ட வாங்குறது? விலைப் பட்டியலை மூடி வெச்சுட்டு, இதையெல்லாம் பாருங்க.

முதல் டெஸ்ட்: அவர் உங்ககிட்ட கேட்குறாரா?

'டிஃபெண்டர் 90-க்கு ஒரு சேஸிஸ் வேணும்'னு கேட்டதும், 'ரெடியா இருக்கு, பணத்தை அனுப்புங்க'ன்னு ஒருத்தர் சொன்னா... உஷார்! ஏன்னா, '90'ன்னு ஒரே ஒரு சேஸிஸ் கிடையாது. 200 டி.டி.ஐ., 300 டி.டி.ஐ., 1998-ல் வந்த டி.டி.5, 2007-ல் வந்த இன்ஜின்னு ஒவ்வொண்ணுக்கும் மவுன்ட் வேற வேற. டீசல் டேங்க் கூட சில வருஷ மாடல்களில் ஸீட்டுக்கு அடியில், சிலதில் பின்னாடி. அதைவிடப் பழைய சீரீஸ் வண்டின்னா காயில் ஸ்பிரிங்கே கிடையாது, பட்டை ஸ்பிரிங்தான். நல்ல சப்ளையர் முதல் கேள்வியா உங்க வண்டியோட சேஸிஸ் நம்பர், வருஷம், இன்ஜின் மூணையும் கேட்பார். 'வேற வண்டி இன்ஜின் எதாவது மாட்டியிருக்கீங்களா?'ன்னும் கேட்பார். கேள்வி கேட்டுத் தொல்லை பண்றவர்தான் உங்களைக் காப்பாத்தப் போறவர்!

ரெண்டாவது: ஜிக் இருக்கா?

ஒர்க்‌ஷாப் லேப்பில் ஜிக்னு படிச்சிருப்பீங்க. பாகங்களை அசையாம பிடிச்சு, எல்லா அளவும் ஒரே மாதிரி வர வைக்கிற சட்டம். அதில் வெச்சு வெல்டிங் பண்ணாத சேஸிஸில், ஒரு ஓட்டை சில மில்லிமீட்டர் தள்ளி வந்தாலும் போச்சு. பாடி உட்காராது, கதவு மூடாது, வண்டி நேரா ஓடாது. ஸ்டீல் எத்தனை மி.மீ.ன்னும் கேளுங்க. ஒரிஜினல் பெரும்பாலும் 2 மி.மீ. பக்கம். சிலர் சில இடங்களில் 3 மி.மீ. போடுவாங்க. கெட்டி கூடினால் எடையும் கூடும், அதையும் மனசுல வெச்சுக்குங்க.

மூணாவது: துத்தநாகக் குளியல்!

இதுதான் ஹீரோ மேட்டர். சேஸிஸை ஆசிட்டில் கழுவி, சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கிற துத்தநாகத்தில் முழுசா முக்கி எடுக்கிறதுக்குப் பேர்தான் கால்வனைசிங். பெயின்ட் வெளியே மட்டும்தான் போகும். துத்தநாகம் பெட்டிக்கு உள்ளேயும் புகுந்து ஒட்டிக்கும். அதோட, கீறல் விழுந்தால் ஸ்டீலுக்குப் பதிலா தான் அரிச்சுப்போற தியாகி அது! ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி, 3 மி.மீ.க்கு மேல் 6 மி.மீ. வரை கெட்டியான ஸ்டீலுக்கு சராசரியா குறைஞ்சது 70 மைக்ரான் பூச்சு இருக்கணும். 1.5 முதல் 3 மி.மீ. வரைன்னா 55 மைக்ரான். 'இந்தத் தரத்தில்தான் பண்றீங்களா, எழுத்தில் கொடுப்பீங்களா?'ன்னு கேளுங்க.

இன்னும் மூணு துணைக் கேள்விகள். காத்தும் துத்தநாகமும் போய்வர வடிகால் ஓட்டைகள் இருக்கா? (மூடின பெட்டிக்குள் ஈரம் சிக்கினால், முக்கும்போது வெடிக்கவே வெடிக்கும்.) அவ்வளவு சூட்டில் சேஸிஸ் நெளிய வாய்ப்புண்டு, குளிச்சு வந்த பிறகு மறுபடி அளந்து பார்க்கிறீங்களா? போல்ட் மாட்டுற மரைகளில் துத்தநாகம் அடைச்சுக்குமே, அதை யார் சுத்தம் பண்றது? நீங்களா, நானா?

நாலாவது: தேதியும் துட்டும்

நல்ல சப்ளையர்கிட்ட க்யூ இருக்கும். மாசக்கணக்கில்கூட காத்திருக்கணும். சேஸிஸ் வர்ற தேதி உறுதியாகிற வரைக்கும் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாதீங்க. சொன்ன விலையில் 20 சதவிகித வாட் வரி சேர்ந்திருக்கா, லாரி வாடகை சேர்ந்திருக்கான்னு கேளுங்க. சேஸிஸ் ஒண்ணும் கூரியர் கவரில் வராது!

இனி சட்டம். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டினாலும் போதும். 1974-ம் வருஷச் சட்டத்தின் 75-வது பிரிவுப்படி, சப்ளையர் ஏமாற்றினால் கார்டு கம்பெனியும் பொறுப்பு. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ஆனா, உங்க அளவுக்குன்னே தனியா செய்யச் சொன்ன சேஸிஸை 'மனசு மாறிடுச்சு'ன்னு ரத்து பண்ண முடியாது.

இங்கேதான் ஸ்டூடன்ட்ஸ் கோட்டை விடுற இடம். சேஸிஸ் வந்து இறங்கும், எக்ஸாம் வரும், 'லீவுல பார்த்துக்கலாம்'னு தார்ப்பாய் போட்டு மூடிடுவோம். 30 நாள் பறந்துடும்! அதுக்கப்புறம் நேரா பணம் கேட்க முடியாது. ரிப்பேரோ மாற்றுப் பொருளோதான் முதலில் கேட்கணும். அதனால் வந்த அன்னைக்கே டேப்பை எடுங்க. இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அந்த மூலையிலிருந்து இந்த மூலைன்னு ரெண்டு மூலைவிட்டமும் அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தால் சேஸிஸ் கோணலில்லை. வேலை ஆரம்பிக்கும் முன் போட்டோ எடுத்து வைங்க. துத்தநாகம் பூசினதில் புது ஓட்டை போடாதீங்க. போட்டால் அங்கே ஸ்டீல் அம்மணமா நிக்கும்.

அஞ்சாவது: ஜாதகம் பத்திரம்!

வண்டியின் அடையாளமே சேஸிஸ்தான். அங்கே வண்டிகளைப் பதிவு செய்கிற டி.வி.எல்.ஏ. பல வருஷமா ஒரு மார்க் சிஸ்டம் வெச்சிருந்தது. பழைய நம்பரைத் தக்க வைக்க 8 மார்க் வேணும். ஒரிஜினல் சேஸிஸ், இல்லைன்னா அதே வடிவத்தில் மாற்றம் செய்யாத புது சேஸிஸ் இருந்தாலே 5 மார்க்! 2025 ஆகஸ்டில் விதிகள் இளகின. ஆனாலும், எந்த மாடலுக்கு, யாரிடம், எப்போ வாங்கினதுன்னு தெளிவா சொல்ற பில் கையில் இருக்கணும். 'பில் வேண்டாம்னா விலை குறைச்சுத் தர்றேன்'னு யாராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. தனி ஆள்கிட்ட பழைய சேஸிஸ் வாங்கினாலும் அந்த 30 நாள் உரிமை கிடையாது.

கடைசியா, அந்த சப்ளையர்கிட்ட ஏற்கெனவே வாங்கி மாட்டின ரெண்டு பேரைத் தேடிப் பிடிங்க. 'நல்லா இருக்கா?'ன்னு கேட்காதீங்க, எல்லாரும் 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. 'எந்த ஓட்டை பொருந்தலை? போன் பண்ணினப்போ எடுத்தாரா?'ன்னு கேளுங்க. தப்பே வராத சப்ளையர் யாரும் இல்லை. தப்பு வந்ததும் போனை எடுக்கிறவர்தான் உங்க ஆளு. அவர் விலை நூறு பவுண்டு கூட இருந்தாலும், தயங்காம அட்வான்ஸைக் கட்டுங்க!